அவர் வாசிக்கிறார், இவன் அடிக்கிறானா?

தஞ்சை வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து விவசாயத் தொழிலாளர் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் காகிதம். அம்மன் கோவில் திருவிழா. மேலே நன்கொடையாளர்களின் பெயர்கள், அவரவர் தொகைக்கு ஏற்ற பருமனில். அதற்குக் கீழே நாதஸ்வர வித்வான் இன்னார், படத்தோடு. சிறப்புத் தவில் இன்னார், பட்டத்தோடு. பிறகு நையாண்டி மேளக் குழு, ஊர்ப் பெயரோடு. வாண வேடிக்கைக்காரருக்குப் பெயர் இருக்கிறது. மைக்செட்காரருக்கு டெலிபோன் நம்பரே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில், பொடி எழுத்தில், ஒரே ஒரு வரி:

"பறைமேளம்: ஊர் வழக்கப்படி."

அது என்ன வழக்கம்? தோழர் விளக்கினார். காப்புக் கட்டிய நாளிலிருந்து சேரியிலிருந்து ஆறு பேர் வரவேண்டும். சாமி புறப்பட்டால் முன்னே போகவேண்டும். சாமி கோவிலுக்குள் போனால் இவர்கள் வாசலுக்கு வெளியே நின்றுவிட வேண்டும். பத்து நாள் வயல் வேலைக் கூலி போயிற்று. கடைசி நாள் ஆளுக்கு ஒரு வேட்டி, கொஞ்சம் அரிசி, பெரியவர்கள் "பார்த்து" கொடுக்கிற பணம். பேசி முடிவு செய்த தொகை என்று ஒன்று கிடையாது. கேட்டால் வழக்கம் கெட்டுப் போகுமாம்!

இந்த ஆண்டு தோழர் விழாக் கமிட்டிக்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார்: "எங்க ஆறு பேர் பேரையும் போட்டா என்னங்க?"

வந்த பதில் இது: "வாசிக்கிறவங்க பேரைப் போட்டிருக்குப்பா. அடிக்கிறவனுக்கு எதுக்குப் பேரு?"

தோழர்களே, இந்தப் பதிலைச் சும்மா விட்டுவிடக் கூடாது. அந்தக் கனவான் ஒரு பெரிய உண்மையைத் தம்மை அறியாமலே கக்கிவிட்டார். இந்த நாட்டில் வாத்தியக்காரனுக்குக் கூலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு, அவன் நிற்க வேண்டிய இடம் எது என்பதையெல்லாம் ஒரு வினைச்சொல் தீர்த்துவைக்கிறது!

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தின் மேல் தோல். அதைக் கையால் தட்டுகிறார்கள். ஆனால் யாரும் "மிருதங்கம் அடித்தார்" என்று சொல்வதில்லை. "வாசித்தார்" என்கிறோம். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தத் தோலில் எழுதியிருந்ததைப் படித்தாரா என்ன? இல்லை. அது மரியாதைச் சொல். வீணையை மீட்டுகிறார், வாசிக்கிறார். நாதஸ்வரத்தை நேரில் "வாசிக்கிறார்" என்பார்கள். வீட்டுக்கு வந்து கூலிக் கணக்குப் பார்க்கும்போது "ஊதுகிறவன்" ஆக்கிவிடுவார்கள். தவில், கச்சேரி மேடையில் "வாசிப்பு"; கல்யாண வீட்டில் "மேளம் கொட்டுகிறான்". பறைக்கு வந்தால் ஏணியின் கடைசிப் படி: "அடிக்கிறான்." மாட்டை அடிப்பதும் அதே சொல்தான்.

பெயர்களும் இந்த ஏணியில்தான் இறங்குகின்றன. வைணிக வித்வான். மிருதங்க வித்வான். தவில்காரர். மேளக்காரன். உடுக்கைக்காரன். பம்பைக்காரன். சாவு வீட்டுக்கு வருகிற பேண்டுக்காரன். "ஆர்" எந்த இடத்தில் "ஆன்" ஆகிறது என்று பாருங்கள். கரகாட்டத்துக்கு வாசிக்கிற மேளத்துக்குப் பெயரே நையாண்டி, அதாவது கேலி. பறையின் இன்னொரு பெயர் தப்பு, அதாவது பிழை. யாருடைய பிழை என்று மட்டும் கேட்காதீர்கள்.

வாத்தியத்தின் பெயரை ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டுவது சிலருக்குக் கிரீடம். வீணை தனம்மாள் என்றால் சங்கீத உலகம் கைகட்டி நின்றது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்றால் உலகமே கைதட்டியது. மாண்டலின் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலிருந்து. வயலின்? அதுவும் அங்கிருந்துதான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் நம் சங்கீதத்துக்கு அதைப் பழக்கினார்கள். வெள்ளைக்காரனின் பிடில் வந்து மேடையேறி, அதன் மேல் பூவும் சந்தனமும் ஏறிவிட்டன. நல்லதுதான், வரட்டும், நமக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்த பறையின் பெயரை ஓர் ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டினால் அது வசை! கடல் தாண்டி வந்த வாத்தியத்துக்கு இல்லாத தீட்டு, களத்துமேட்டு வாத்தியத்துக்கு எங்கிருந்து வந்தது?

"தோல் தொடுகிற வேலை, அதனால்தான்" என்று சாஸ்திரிகள் சொல்வார்கள். பேஷ்! அதே தோலைப் பற்றிப் பேசுவோம். மிருதங்கத்துக்குப் பசுத்தோல் வேண்டும், ஆட்டுத்தோல் வேண்டும், இழுத்துக்கட்ட எருமைத்தோல் வார் வேண்டும். பசுத்தோல் இல்லாமல் வலந்தலையில் அந்த நாதம் பிறக்காது. ஒரே மாட்டின் தோலில் ஒரு துண்டு மிருதங்கத்துக்குப் போகிறது, இன்னொரு துண்டு பறைக்குப் போகிறது. ஒன்று சபாவில் ஜமக்காளத்தின் மேல் உட்காருகிறது. மற்றது வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்கிறது. அப்படியானால் தீட்டு தோலில் இல்லை ஐயா, அதைத் தட்டுகிற கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

அந்த மிருதங்கத்தைச் செய்கிற கை யாருடையது? பெரும்பாலும் சேரியிலிருந்து வந்த கை. தஞ்சையிலும் சென்னையிலும் தலைமுறை தலைமுறையாகத் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. தோலைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நாதத்தைக் காது கொடுத்துக் கேட்டுச் சரிசெய்வது வரை அவர்கள் பொறுப்பு. பாலக்காடு மணி அய்யர் 1966இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். மிருதங்கக்காரருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பக்கவாத்தியம் என்று ஒதுக்கி வைத்திருந்தவர்களுக்கே அவ்வளவு காலம் ஆயிற்றென்றால், அந்த வாத்தியத்தைச் செய்தவருக்குப் பட்டம் கிடைப்பதைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா? பாடகர் டி. எம். கிருஷ்ணா இந்த மிருதங்கம் செய்வோரைப் பற்றி 2020இல் ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த சென்னை கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியை வாபஸ் வாங்கிக்கொண்டது. அரசியல் கலந்திருக்கிறதாம்! மாட்டுத்தோல் மண்டபத்துக்குள் போகலாம், அதை உரித்துப் பதமாக்கிய கதை உள்ளே போகக் கூடாது.

இந்த இடத்தில் பழம்பெருமை பேசும் நண்பர்கள் எழுந்திருப்பார்கள். "அந்தக் காலத்தில் நம் தமிழ் மன்னர்கள் எல்லா வாத்தியக்காரரையும் தலையில் வைத்துக் கொண்டாடினார்களே!" என்பார்கள். பாதி உண்மை. சங்கப் பாட்டுகளில் பாணன் இருக்கிறான். யாழின் அளவைக் கொண்டே பெரும்பாணன், சிறுபாணன் என்று பெயர். துடி முழக்குபவன் துடியன். கிணை முழக்குபவன் கிணைவன். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கு குடிகளைத்தான் குடி என்று எண்ணுகிறார். சிலப்பதிகார அரங்கேற்றத்தில் தண்ணுமை முழக்குகிறவர் யாழாசிரியருக்கும் குழலாசிரியருக்கும் சமமாக ஓர் ஆசிரியர். தோல் வாத்தியக்காரரும் ஆசிரியரே!

மறுபாதியையும் சொல்லித்தானே ஆகவேண்டும். அதே புறநானூற்றில் 287ஆம் பாட்டு இருக்கிறது. போர்க்களத்தில் துடி முழக்குகிறவனை அங்கே அழைக்கும் சொற்கள் புலையன், இழிசினன். முழக்கம் வேண்டும், முழக்குகிறவனுக்கு இழிபெயர். ஆகவே பொற்காலக் கதை நமக்கு வேண்டாம்.

தஞ்சைப் பெரிய கோவிலுக்கு வாருங்கள். 1014ஆம் ஆண்டை ஒட்டி ராஜராஜ சோழன் சுவரில் வெட்டிவைத்த கணக்கு இருக்கிறது. திருப்பதியம் பாடுகிறவர்கள் 48 பேர். உடுக்கை வாசிப்பான் ஒருவன். கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவன். ஆக 50 பேர். தலைக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். மூன்று மரக்கால், கால் கலம்! விவசாயத் தொழிலாளர் தோழர்கள் இந்த அளவை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பாட்டுக்காரருக்கும் தோல்வாத்தியக்காரருக்கும் ஒரே கூலி. சொல்லையும் கவனியுங்கள். உடுக்கை "அடிப்பான்" இல்லை, "வாசிப்பான்" என்று கல்லில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் உடுக்கையை வாசிக்கலாம் என்று அரசனே ஒப்புக்கொண்டுவிட்டான், நம்முடைய விழாக் கமிட்டிக்காரருக்குத்தான் இன்னும் தகவல் வந்து சேரவில்லை.

ஆனால் அதே கோவிலின் கல்வெட்டுகளில் வேறொரு கணக்கும் உண்டு. ஊர் ஊராக வரி நீங்கிய நிலங்களை எழுதிவரும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் வருகின்றன. மதிலுக்கு உள்ளே வாசிப்பான், வயலுக்கு ஓரத்தில் தீண்டாச்சேரி. கோவில் நெற்களஞ்சியத்தை நிரப்பியது எந்தச் சேரியின் உழைப்பு என்று கல் சொல்லவில்லை. நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதும் இல்லை.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். சேரியில் பறை முழக்கியவர்கள் எத்தனை பேர்? கைவிட்டு எண்ணக்கூடிய சிலர். மற்ற எல்லோரும் ஏர் பிடித்தார்கள், நாற்று நட்டார்கள், அறுத்தார்கள், மூட்டை தூக்கினார்கள். பிறகு எப்படி அத்தனை பேருக்கும் பறையின் பெயர் வந்தது? அவர்களை "நெல் விளைவிப்போர்" என்று அழைத்தால் நெல்லில் பங்கு கேட்பார்களே! சாவுக்கு முழக்குகிறவன் என்று அழைத்தால் வாய்க்கரிசிதான் பங்கு. பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்.

அந்தப் பெயர் கப்பலேறி ஐரோப்பா போன கதை அதைவிடக் கேவலம். வந்த வெள்ளைக்காரன் நம் ஊர் மிராசுதார்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பொறுக்கிக்கொண்டு போனான். ஆங்கிலத்தில் "பரையா" என்றால் யாரும் சேர்க்காமல் ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்று பொருள். எந்தத் தேசத்தோடு யார் உறவை முறித்தாலும் அந்தத் தேசம் "பரையா" என்று இன்றைக்கும் பத்திரிகைகளில் தலைப்புப் போடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1791லேயே அந்தச் சொல்லை வைத்துக் கதை எழுதினார்கள். ஜெர்மனியின் சமூகவியல் பேராசிரியர் மாக்ஸ் வெபர் யூத மக்களைப் பற்றி எழுதும்போது அதே சொல்லை எடுத்துக்கொண்டார். தமிழ் உலகத்துக்குக் கொடுத்த சொற்களின் பட்டியலைப் போட்டு மார்தட்டிக்கொள்ளும் புலவர்களே, இதையும் சேர்த்துத்தானே எண்ணுகிறீர்கள்? "பறை" என்றால் சொல்வது, அறிவிப்பது. மலையாளத்தில் இன்றும் பேசுவதற்குப் பறைதல் என்றுதான் பெயர். ஊருக்குச் சேதி சொன்ன வாத்தியம் அது. சேதி சொன்னவனை ஊமையாக்கிவிட்டுச் சொல்லை மட்டும் ஏற்றுமதி செய்தோம்!

அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். நாங்கள் பூர்வ பௌத்தர்கள் என்றார். இரட்டைமலை சீனிவாசன் நேர் எதிர்வழியில் போனார். 1893இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்கு "பறையன்" என்றே தலைப்பு வைத்தார். எறிந்த கல்லை எடுத்துத் தம் வீட்டு வாசற்படியாக்கிக் கொண்டார். இருவரில் யார் சரி என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அவமானத்துக்கு மருந்து தேடியவர்கள் இருவருமே. நோயைக் கொடுத்தவனை விட்டுவிட்டு மருத்துவர்களிடம் வழக்காடுவது நம் வேலையல்ல.

"சொல்லில் என்ன இருக்கிறது? கூலியைக் கேள்" என்று நம்மிலேயே சில தோழர்கள் சொல்கிறார்கள். சொல்லில் ஒன்றும் இல்லையென்றால் மேல்துண்டில் என்ன இருந்தது? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நாதஸ்வர வித்வான் சிவக்கொழுந்துவைத் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். பட்டுக்கோட்டை அழகிரி குறுக்கே நின்று, எடுக்காதே என்றார். வியர்வை துடைக்கும் ஒரு முழத் துணிக்காகவா அவ்வளவு சண்டை? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பு வைத்துக்கொண்டு, சட்டையும் ஷெர்வானியும் போட்டுக்கொண்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அதற்குமுன் நாதஸ்வரக்காரர் சாமிக்கும் மிராசுதாருக்கும் முன்னால் திறந்த மார்போடு நின்றவர். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்ற சொல்லையும் வாங்கிக்கொண்டார், அந்தச் சொல்லுக்கு ஏற்ற பணத்தையும் கேட்டு வாங்கினார். சொல்லும் கூலியும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டால் ஏர் நகராது.

ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் மேளக்காரர் என்ற பெயரை விட்டு இசைவேளாளர் என்று மாற்றிக்கொண்டார்கள். இழிவாக அழைத்த பெயரை உதறியது முழு நியாயம். ஆனாலும் இசைக்குப் பக்கத்தில் ஒட்டவைத்தது எந்தச் சொல்லை? நிலம் வைத்திருந்தவன் சொல்லை! ஏணியில் ஒரு படி ஏறினார்கள், ஏணி அப்படியே நின்றது. அதன் அடியில் பறைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

இப்போது ஏணிக்கு வெள்ளையடிக்கும் வேலை நடக்கிறது. பட்டணத்து மேடைகளில் பறையைப் "பறையிசை" என்கிறார்கள். வாசிக்கிறவரைக் "கலைஞர்" என்கிறார்கள். மதுரை வட்டாரத்துப் பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடி முழக்குகிறார்கள். ஆண்கள் மட்டுமே தொட்ட வாத்தியம் அது. இதெல்லாம் போராடி வாங்கியது, நமக்குப் பெருமை. தண்ணுமை ஆசிரியன் என்ற பழைய மரியாதை ஆசான் என்ற சொல்லில் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் பட்டணத்தில் கலைஞர் என்று மாலை வாங்கியவர், பஸ் ஏறித் தம் ஊருக்குப் போய் இறங்கியதும் என்ன நடக்கிறது? "பெரிய வீட்டில் சாவு, நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வாடா" என்று ஆள் வருகிறது. வரமாட்டேன் என்றால் கடையில் சாமான் இல்லை, வயலில் வேலை இல்லை. கட்டாய உழைப்பு கூடாது என்று அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. தாழ்த்தப்பட்டவரிடம் வெட்டிவேலை வாங்குவது குற்றம் என்று 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடைச் சட்டம் சொல்கிறது. ஊர் வழக்கத்துக்கு முன்னால் இந்தச் சட்டங்கள் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன, பறைக்காரரைப் போலவே!

ஆகவேதான் பல சேரிகளில் இளைஞர்கள் பறையையே உடைத்துப் போட்டார்கள். "இனி யார் வீட்டுச் சாவுக்கும் முழக்கமாட்டோம்" என்றார்கள். அவர்களை நோக்கிக் "கலை அழிகிறதே" என்று கண்ணீர் வடிக்கும் பட்டணத்து ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் முதலில் உங்கள் தெருச் சாவுக்குப் பத்து நாள் இனாமாக வாசித்துவிட்டு வந்து பேசுங்கள். மறுத்தவர்கள் செய்தது வேலைநிறுத்தம். ஆலைச் சங்கு ஊதியும் உள்ளே போகாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிற மில் தொழிலாளிக்கு அது நன்றாகப் புரியும். அதே சமயம், வேலைநிறுத்தம் செய்கிற தொழிலாளி தறியைக் கொளுத்துவதில்லை. குற்றம் தறியில் இல்லை. வேப்ப மரச் சட்டத்திலும் கன்றுத்தோலிலும் இல்லை. யார் கூப்பிடுகிறான், எந்தச் சொல்லால் கூப்பிடுகிறான், எவ்வளவு கொடுக்கிறான் என்பதில்தான் வழக்கு. பறையை நெருப்பில் காய்ச்சி, சுருதி ஏறிவிட்டதா என்று காதைக் கொடுத்துப் பார்க்கிற ஆளைச் சற்று நேரம் நின்று கவனித்தவன் அதை "அடிக்கிற" வேலை என்று சொல்லவே மாட்டான். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் ஈர்க்குப் போன்ற சிண்டுக்குச்சி. இரண்டும் இரண்டு பாஷை பேசும். காலும் சேர்ந்து கணக்குப் போடும்.

நாமும் யோக்கியர்களில்லை. இந்த நோட்டீசைப் பார்த்த சூட்டோடு நம் சங்கங்கள் போட்ட சில நோட்டீசுகளை எடுத்துப் பார்த்தேன். "பறை முழக்கத்துடன் மாபெரும் ஊர்வலம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பேச்சாளர்கள் பெயர் பதினெட்டு இருக்கிறது. அதில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று நமக்கே தெரியும். கொளுத்தும் வெயிலில் முதல் ஆளாக நடந்து, கூட்டம் கலைகிற வரை முழக்கிய அந்த ஐந்து பேரின் பெயர்? இல்லை. அவர்களுக்கு என்ன கொடுத்தோம்? "நம்ம ஆளுங்கதானே, டீயும் பொட்டலமும் வாங்கிக் கொடுத்தோம்" என்றார் ஒரு செயலாளர். அதற்கும் விழாக் கமிட்டிக்காரர் "பார்த்துக்" கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம், தோழரே?

அடுத்த ஊர்வலத்து நோட்டீசில் பறை வாசிப்போர் பெயர்கள் இருக்கட்டும், ஊர்ப் பெயரோடு. தொகையை முன்கூட்டியே பேசி, கணக்குப் புத்தகத்தில் "பறை வாசித்த கூலி" என்று எழுதட்டும். "இதர செலவு" என்ற தலைப்பில் தள்ள வேண்டாம்.

நோட்டீஸ் கொண்டுவந்த தோழரின் ஊரில் அந்த ஆறு பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். மூன்று விஷயங்களைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கமிட்டியிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு பேர் பெயரும் நோட்டீசில் வரவேண்டும். தவில் குழுவுக்குப் பேசுவதுபோலத் தொகை பேசி, பாதியை முன்பணமாகத் தரவேண்டும். சாமி எங்கே நிற்கிறதோ அந்த இடம் வரை தாங்களும் வந்து வாசிப்போம். ஆகாதென்றால் மைக்செட்டிலேயே பறைச் சத்தத்தைப் போட்டுக்கொள்ளலாம், தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். கமிட்டியில் பதில் சொல்லவில்லை. ஆனால் அச்சகத்துக்கு ஆள் போயிருப்பதாகத் தோழர் சொன்னார். நோட்டீசு மறுபடி அச்சாகிறதா, அல்லது கடைசி வரியை மட்டும் எடுத்துவிடப் போகிறார்களா என்பது காப்புக் கட்டுகிற அன்றைக்குத் தெரியும்.